பெயரும் காதும்

வணக்கம் சார்,

கொஞ்ச காலமாக மேற்கத்திய பியானோ இசை கேட்டு வருகிறேன். ஆனால் இணையத்தில் பியானோ ரசிகர்கள் பேசிக்கொள்வதைப் பார்த்தால் பயமாக இருக்கிறது. ஷோபின் என்ற இசையமைப்பாளரின் ஒரே படைப்பை இருபது பேர் வாசித்ததை வைத்துக்கொண்டு, இவர் அவசரப்படுகிறார், அவருக்கு இடது கை கனம் என்று அடித்துக்கொள்கிறார்கள். எனக்கு எல்லாம் ஒரே மாதிரிதான் கேட்கிறது. இவர்களுக்கு நிஜமாகவே வித்தியாசம் தெரிகிறதா, இல்லை பெயரைப் பார்த்துப் பேசுகிறார்களா?

கே.

அன்புள்ள கே.,

தெரியும். பெயரைப் பார்த்தும் பேசுவார்கள். இரண்டும் ஒரே ஆளிடம் இருக்கும். ஜாய்ஸ் ஹாட்டோ விவகாரம் தெரியுமா?

ஹாட்டோ இங்கிலாந்துப் பியானோ கலைஞர். 1970களிலேயே மேடையை விட்டு விலகியவர். 2000க்குப் பிறகு அவர் பெயரில் குறுந்தகடுகள் வரிசையாக வர ஆரம்பித்தன. லிஸ்ட், ஷோபின், ரக்மானினாஃப் என்று பல இசையமைப்பாளர்களின் படைப்புகள், நூறுக்கும் மேல். வெளியிட்டவர் கணவர் வில்லியம் பாரிங்டன்-கூப். எழுபதைத் தாண்டிய பெண்மணி, புற்றுநோயோடு இப்படி வாசிக்கிறார் என்றால் யாருக்குத்தான் மனசு இளகாது? இணைய ரசிகர்கள் முதலில் கொண்டாடினார்கள், விமர்சகர்கள் பின்னால் வந்தார்கள். சந்தேகப்பட்டவர்களுக்கு வசவுதான் கிடைத்தது.

2006இல் அவர் இறந்தார். 2007 பிப்ரவரியில் குட்டு உடைந்தது. யாரோ ஒருவர் அவருடைய லிஸ்ட் தகட்டைக் கணினியில் போட, திரையில் லாஸ்லோ சிமோன் என்று வேறொரு பியானோ கலைஞரின் பெயர் வந்தது. தடங்களின் நீளத்தை வைத்துத் தகட்டை அடையாளம் காணும் மென்பொருள் அது. அதற்குக் காதும் கிடையாது, இளகுவதற்கு மனசும் கிடையாது. ஒலியலைகளை ஒப்பிட்டுப் பார்த்தால் அந்தத் தகட்டிலிருந்த பன்னிரண்டு எட்யூட்களில் (பயிற்சி வகைப் படைப்புகளில்) பத்து அச்சு அசலாக சிமோனுடையவை. வேறு சில தகடுகளில் கண்டுபிடிக்காமலிருக்க வேகத்தையே மாற்றியிருந்தார்கள். கணவர் அந்த மாதமே ஒப்புக்கொண்டார். வலியில் மனைவி முனகியது பதிவில் கேட்டதாம், அதை மறைக்க மற்றவர்கள் வாசித்ததிலிருந்து துண்டு துண்டாக ஒட்ட ஆரம்பித்தாராம். நம்புவது உங்கள் பாடு.

அப்புறம் மற்ற தகடுகளில் வாசித்தது யார் யார் என்று ரசிகர்கள் அலமாரியைக் குடைந்து துப்பறிந்தார்கள். நீங்கள் பயப்படுகிற அதே ஒப்பிடும் பழக்கம்தான் கைகொடுத்தது.

அவர்கள் நல்லது என்றது நல்ல வாசிப்புதான், அதில் காது தப்பவில்லை. தப்பு நடந்தது வேறு இடத்தில். எஃபிம் பிரான்ஃப்மன் என்ற பியானோ கலைஞர் வாசித்த ரக்மானினாஃப் மூன்றாவது கான்செர்ட்டோவை (பியானோவும் இசைக்குழுவும் சேர்ந்து வாசிப்பது) சுமார் என்று எழுதிய விமர்சகரே, ஹாட்டோ பெயரில் அதே பதிவு வந்ததும் புகழ்ந்து தள்ளினார். எனக்கு சிமோனை நினைத்தால்தான் பாவமாக இருக்கிறது. அதே விரல்கள், அதே தடங்கள், சொந்தப் பெயரில் வந்தபோது இந்தக் கொண்டாட்டத்தில் பாதிகூட இல்லை.

உங்களுக்கு இருபது பேர் வேண்டாம். க்ளென் கூல்ட் என்ற பியானோ கலைஞர், பாக் இயற்றிய கோல்ட்பெர்க் வேரியேஷன்ஸை 1955இல் ஒரு முறையும் 1981இல் ஒரு முறையும் பதிவு செய்தார். தொடக்கத்தில் வரும் ஆரியா என்ற மெட்டை மட்டும் அடுத்தடுத்துக் கேளுங்கள். முதலாவது இரண்டு நிமிடத்துக்குள் முடிந்துவிடும், இரண்டாவது மூன்று நிமிடம் போகும். எது பிடித்தது என்று எழுதுங்கள்.