பற்றரி கடையும் முன்பல்லும்

கேள்வி: பற்றரி சார்ஜ் பண்ணுற கடையில வேலை செய்யிறன். முன்பல்லு நுனி மெலிஞ்சு கண்ணாடி மாதிரி தெரியுது, குளிர்தண்ணி குடிச்சா கூசுது. ரெண்டு நேரமும் பல்லு தீட்டுறன், பிறகும் ஏன் இப்பிடி? – வாசகர், திருகோணமலை

பதில்: தம்பி, பிழை உங்கட பிரஷ்ஷில இல்ல. சார்ஜ் ஏறேக்க பற்றரியில இருந்து வாற வாயுவோட சல்பூரிக் அசிட் நுண்துளியாக் காத்தில கலக்கும், வாயத் திறந்து கதைக்கேக்க அது நேர முன்பல்லிலதான் படும், வாயில பிஎச் (அசிட் அளவைக் காட்டுற எண், அது குறையக் குறைய அசிட் கூட) 5.5க்குக் கீழ போனா எனாமல் எண்ட பல்லின்ர வெளிப்படை கரையத் தொடங்கும், கரைஞ்சது திரும்ப முளைக்காது. வேலை முடிஞ்ச கையோட பல்லு தீட்டாதேங்கோ, இளகின எனாமல் அப்பிடியே தேஞ்சு போகும். வெறும் தண்ணியால கொப்பளிச்சிட்டு ஒரு மணித்தியாலம் பொறுத்துத் தீட்டுங்கோ, புளோரைட் பேஸ்ட் நல்லம்.

துணி மாஸ்க் இதுக்குச் சரிவராது, அசிட்டுக்கெண்டு பில்டர் வச்ச மாஸ்க்தான் வேணும். முதலாளியிட்ட புகை வெளிய போக எக்ஸோஸ்ட் பேன் கேளுங்கோ, அது உங்கட உரிமை.

குரல் கரகரப்பு நாள்கணக்கா இருந்தா பல்லு டொக்டரோட நிக்காம தொண்டையையும் காட்டுங்கோ. இந்த அசிட் புகை தொண்டையில புற்றுநோய் வரப்பண்ணும் எண்டு சர்வதேச புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் 1992லயே சொல்லியிருக்கு. ஈயமும் இருக்கிற இடம், கை கழுவாம அங்க சாப்பிடவே வேண்டாம்.