மகன் இல்லாத மனக்காட்சி

அன்புள்ள ஆசிரியருக்கு,

நான் எளிதில் கோபப்படுபவன். அலுவலகத்தில் அடக்கிக்கொள்வேன், வீட்டில் முடிவதில்லை. பத்து வயது மகனுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்க உட்கார்ந்தால் சற்று நேரத்திலேயே கத்திவிடுகிறேன். சில மாதங்களுக்கு முன், அவன் தேர்வுத்தாளை என் கண்ணில் படாமல் மெத்தைக்கு அடியில் ஒளித்து வைத்திருந்ததைப் பார்த்தேன். என்னை மாற்றிக்கொண்டே ஆகவேண்டும் என்று அன்று முதல் விஷுவலைசேஷன் பயிற்சி செய்துவருகிறேன். தினமும் காலையில் இருபது நிமிடம் கண்ணை மூடி, ஓர் ஏரிக்கரையில் வெண்ணிற உடையில் புன்னகையோடு அமர்ந்திருப்பவனாக என்னைப் பார்க்கிறேன். அந்த நேரம் அற்புதமாக இருக்கிறது. மாலையில் பழைய ஆளாகிவிடுகிறேன். காட்சியும் எனக்குத் தெளிவாக வருவதில்லை. மனதிலேயே கோயில் கட்டிய பூசலாருக்குக் கைகூடியது எனக்கு ஏன் கைகூடவில்லை? தீவிரமாக நினைப்பதைப் பிரபஞ்சம் தரும் என்கிறார்களே, என் தீவிரம் போதவில்லையா? இதைக் காலையில் செய்வது நல்லதா, இரவில் செய்வதா? எத்தனை நிமிடம் செய்யவேண்டும்?

எம்.

அன்புள்ள எம்,

கற்பனை எந்த இடத்தில் பயிற்சியாக மாறுகிறது, எந்த இடத்தில் வெறும் இளைப்பாறலாக நின்றுவிடுகிறது என்பதைச் சில காலமாகவே யோசித்துக்கொண்டிருக்கிறேன். அதனால் உங்கள் கடிதத்தை வரிசையில் காத்திருக்க வைக்க மனம் வரவில்லை.

பிரபஞ்சத்தை முதலில் ஒதுக்கிவிடுகிறேன். நீங்கள் மகனிடம் கத்துவதும் கத்தாமலிருப்பதும் உங்கள் இருவருக்கும் இடையிலான விஷயம். கைகூடினால் பிரபஞ்சத்தின் அருள், கைகூடாவிட்டால் உங்கள் தீவிரத்தின் குறை என்று சொல்லும் பேச்சு, ஏற்கெனவே நொந்திருப்பவரை இன்னும் நோகச் செய்வதைத் தவிர வேறு எதையும் செய்வதில்லை. காட்சி தெளிவாக வரவில்லை என்பதற்கும் வருந்த வேண்டாம். மனக்கண்ணில் படமே எழாதவர்கள் இருப்பதை பிரான்சிஸ் கால்டன் 1880இலேயே எழுதியிருக்கிறார். 2015இல் ஆடம் ஜெமன் என்ற நரம்பியல் மருத்துவரும் அவருடைய சகாக்களும் அந்த இயல்புக்கு அஃபான்டேசியா என்று பெயரிட்டார்கள். அவர்களும் கற்றுக்கொள்கிறார்கள், மாறுகிறார்கள். படம் வராவிட்டால் நடக்கப்போவதைச் சொற்களால் வரிசையாகச் சொல்லிப் பாருங்கள்.

என்னை உறுத்தியது வேறொன்று. அந்த ஏரிக்கரையில் உங்கள் மகன் எங்கே? கணக்கு நோட்டு எங்கே? ஒரே தவற்றைத் திரும்பத் திரும்பச் செய்யும் ஒரு சிறுவனின் பக்கத்தில், நாள் முழுக்க உழைத்துக் களைத்த உடம்போடு, பொறுமையாக அமர்ந்திருக்க வேண்டும் என்பது உங்கள் விருப்பம். ஆனால் நீங்கள் அன்றாடம் பார்ப்பதோ மகனும் நோட்டும் தவறும் களைப்பும் இல்லாத ஒருவனை. அவனுக்குப் பொறுமையே தேவையில்லை, ஏனென்றால் அவனைச் சோதிக்க அங்கே எவருமில்லை. பிள்ளை இல்லாத இடத்துக்குத் தினமும் போய் அமர்ந்துவிட்டு, அதை நல்ல தந்தையாவதற்கான பயிற்சி என்று எப்படி நம்பினீர்கள்?

அந்த நேரம் அற்புதமாக இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அதுதான் என்னைக் கவலைகொள்ள வைக்கிறது. கேப்ரியேல் எட்டிங்கன் என்ற உளவியலாளர் தாமஸ் வாடனுடன் சேர்ந்து 1991இல் வெளியிட்ட ஆய்வொன்றில், எடை குறைப்புப் பயிற்சியில் சேர்ந்த பெண்களை ஓராண்டு கவனித்தார். தம்மால் எடையைக் குறைக்க முடியும் என்று எதிர்பார்த்தவர்கள் கூடுதலாகக் குறைத்தார்கள். மெலிந்துவிட்ட தம்மைப் பற்றி இனிய காட்சிகளைக் கற்பனை செய்தவர்களோ குறைவாகவே குறைத்தார்கள். நம்பிக்கையும் இன்பக் கற்பனையும் ஒன்றல்ல, எதிரெதிர்த் திசையில் இழுக்கக்கூடியவை என்பதை நான் அறிந்துகொண்டது அந்த ஆய்விலிருந்துதான். பிறகு 2011இல் ஹெதர் கேப்பஸுடன் சேர்ந்து அவர் செய்த சோதனைகளில், விரும்பிய எதிர்காலத்தை இனிமையாகக் கற்பனை செய்தவர்களின் இரத்த அழுத்தம் இறங்கியது. செயலுக்கான முனைப்பும் தணிந்தது. அடைந்துவிட்டதாகக் காட்டினால் உடம்பு அடைந்துவிட்டதாகவே எடுத்துக்கொண்டு ஓய்ந்துவிடுகிறது. செய்யாத வேலைக்குக் காலையிலேயே கூலி வாங்கிவிட்டீர்கள்; மாலையில் வேலைக்கு ஆள் எங்கிருந்து வருவான்?

இதனால் கற்பனையே வீண் என்று சொல்ல வரவில்லை. மாணவர்களிடம் லியன் ஃபாம், ஷெல்லி டெய்லர் ஆகிய இருவரும் நடத்தி 1999இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு குழு தேர்வில் உயர்ந்த மதிப்பெண் பெற்று மகிழ்வதை மனதில் பார்த்தது; இன்னொரு குழு, தான் மேசையில் அமர்வதையும் தொலைக்காட்சியை அணைப்பதையும் நண்பரின் அழைப்பை மறுப்பதையும் பார்த்தது. கூடுதல் நேரம் படித்து நல்ல மதிப்பெண் வாங்கியது இரண்டாவது குழுதான்.

இதைப் படித்தபோது எனக்கு அக்காவின் நினைவு வந்தது. அக்கா வீணை வாசிப்பவள். இளம்வயதில் படியில் சறுக்கி விழுந்து இடது மணிக்கட்டு முறிந்து, முழங்கை வரை மாவுக்கட்டு போட்டிருந்தார்கள். ஆனாலும் வழக்கமாகச் சாதகம் செய்யும் நேரத்தில், உறையிட்ட வீணைக்கு எதிரே கண்ணை மூடி அமர்ந்துவிடுவாள். அருகில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதியபடி அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பேன். அதில் பரவசம் எதுவும் இருக்காது. புருவம் நெரியும், தலையை மெல்ல ஆட்டுவாள், நிறுத்துவாள், பழையபடி பல்லவியிலிருந்து தொடங்குவாள். ஒரு நாள் ஏன் நிறுத்தினாய் என்று கேட்டேன். “அந்தச் சங்கதியில விரல் நழுவுதுடா” என்றாள். வீணையே இல்லாமல் எப்படி நழுவும் என்று கேட்டேன். “எங்க நழுவும்னு எனக்குத் தெரியாதா?” என்றாள். கட்டைப் பிரித்தபோது கை மெலிந்து விறைத்திருந்தது. நரம்பை இழுத்துக் கமகம் பிடிக்க வலு வருவதற்கு வெகுநாள் ஆயிற்று. ஆனால் வீணைத் தண்டின் எந்த மெட்டில் விரல் அவசரப்படும், அங்கே எப்படி ஊன்றி நிற்கவேண்டும் என்பது அவளுக்குள் இருந்தது.

அல்வரோ பாஸ்குவல்-லியோனும் அவருடைய குழுவினரும் 1995இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு மிக நெருக்கமானது. பியானோ பழகாதவர்களுக்கு ஐந்து விரல் பயிற்சி ஒன்றைக் கொடுத்து, ஐந்து நாட்கள், தினமும் இரண்டு மணி நேரம் பழகச் செய்தார்கள். ஒரு குழு கட்டைகளை அழுத்திப் பழகியது. இன்னொன்று விரலை அசைக்காமல் மனதில் மட்டுமே பழகியது. அந்த விரல்களை இயக்கும் மூளைப்பகுதியின் வரைபடம் இரு குழுக்களிலும் விரிந்தது. மனதில் பழகியவர்கள் ஐந்தாம் நாள் முடிவில் எட்டியிருந்த திறன், கையால் பழகியவர்கள் மூன்றாம் நாளில் எட்டிய அளவு. அதன்பின் ஒரே ஒரு முறை இரண்டு மணி நேரம் கையால் பழகியதும், ஐந்து நாளும் கையால் பழகியவர்களுக்குச் சமமாக வந்துவிட்டார்கள். மனப்பயிற்சி கைப்பழக்கத்துக்கு ஈடல்ல, ஆனால் அதற்கான தரையைச் செப்பனிட்டுவிடுகிறது. மனதில் பழகியவர்களும் விரல் விரலாக ஒரு வேலையைச் செய்தார்கள் என்பதைக் கவனியுங்கள். மேடையில் கைதட்டல் வாங்குவதைக் கற்பனை செய்யவில்லை.

பூசலாரை நீங்கள் சான்றுக்கு அழைத்தது எனக்கு வருத்தம் தருகிறது. அவர் கண்ணை மூடியதும் முடிந்துபோன கோயிலா தெரிந்தது? பொருளும் கருவிகளும் தேடிச் சேர்த்தார், தச்சரைக் கொணர்ந்தார், நல்ல நாள் பார்த்து அடித்தளம் இட்டார், இரவிலும் கண் துஞ்சாமல் நிலை நிலையாக எழுப்பினார், சுதை வேலை முடித்தார், கிணறு தோண்டினார், மதில் வைத்தார், குளமும் வெட்டினார். மனதில் கட்டியபோதும் ஒரு கல்லைக்கூட அவர் உழைக்காமல் பெறவில்லை. நீங்கள் அத்தனையையும் விட்டுவிட்டுக் குடமுழுக்கு நாளில் போய் அமர்ந்துகொண்டீர்கள்.

தேர்வுத்தாள் மெத்தைக்கு அடியில் கிடந்ததைப் பார்த்து அதற்காகவும் கத்தும் தந்தையர் எத்தனையோ பேர். உங்களுக்கு வலித்தது, அந்தப் பிள்ளைக்கு உங்களிடம் பயம் என்பதை எவர் மீதும் பழிபோடாமல் எழுதினீர்கள். அந்த வலி நல்லது, அதை ஏரிக்கரையில் கரைத்துவிடாதீர்கள். மேசைக்கு வாருங்கள். என்ன கணக்கு என்று நீங்கள் எழுதவில்லை. வகுத்தல் என்று வைத்துக்கொள்வோம். அடுத்த இலக்கத்தை இறக்க மறந்துவிடுகிறான். சொல்கிறீர்கள். மறுபடியும் மறக்கிறான். கையிலிருக்கும் பென்சிலால் மேசையைத் தட்டத் தொடங்குகிறீர்கள், தாடை இறுகுகிறது, குரல் அரைக்கட்டை ஏறுகிறது. அவன் நோட்டைப் பார்ப்பதை விட்டுவிட்டு உங்கள் முகத்தைப் பார்க்கிறான். அந்த நொடியில் காட்சியை நிறுத்துங்கள். நீங்கள் மாறவேண்டிய இடம் அதுதான். அதற்கு முன்னும் பின்னும் உள்ளவை எல்லாம் தாமாகவே மாறும். அந்த நொடிக்கு மட்டும் ஒரு செயலைத் தீர்மானித்துக்கொள்ளுங்கள்: ‘அவன் என் முகத்தைப் பார்த்தால், நான் பென்சிலைக் கீழே வைத்துவிட்டு, இதுவரை செய்ததை எனக்குச் சொல்லு என்பேன்.’ இப்படி ‘இது நடந்தால் இதைச் செய்வேன்’ என்று முடிச்சிட்டு வைப்பதைப் பற்றி பீட்டர் கோல்விட்சர் நெடுங்காலம் ஆராய்ந்திருக்கிறார். அவரும் பாஸ்கல் ஷீரனும் 2006இல் 94 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, இலக்கை மட்டும் மனதில் வைத்திருப்பதைவிட இது குறிப்பிடத்தக்க அளவு பலன் தருவதாகத் தெரிந்தது. கோபம் ஏறிய பின் யோசிக்க இடமிருக்காது என்பதால் யோசனையை முன்பே முடித்து வைப்பது. அவ்வளவுதான் அதன் செயல்முறை.

ஒன்றை மட்டும் கறாராகச் சொல்கிறேன். காட்சியில் அவனுக்குக் கணக்குச் சரியாக வந்துவிடக் கூடாது. அவன் மறுபடியும் தவறு செய்யட்டும், நீங்கள் மறுபடியும் பென்சிலைக் கீழே வையுங்கள். அவன் திருந்தியதால் நீங்கள் அமைதியாக இருப்பது உங்கள் மாற்றமல்ல. காட்சிக்குள்ளேயே நீங்கள் கத்திவிடவும் கூடும். கத்தினால் கண்ணைத் திறந்து எழுந்துவிடாமல், பென்சில் தட்டத் தொடங்கிய இடத்துக்குத் திரும்பிப் போய் அங்கிருந்து ஆரம்பியுங்கள். நிஜத்தில் கத்திவிட்ட பிறகு அவனிடம் என்ன சொல்லப்போகிறீர்கள் என்பதையும் ஒத்திகை பாருங்கள். அதுவும் நீங்கள் செய்யவேண்டிய வேலையில் ஒரு பகுதி.

காலையா இரவா என்று கேட்டிருந்தீர்கள். இரண்டும் வேண்டாம், மாலையில் அவனோடு உட்காருவதற்குச் சற்று முன்பு, பக்கத்து அறையில், ஐந்து நிமிடம் போதும். சில வாரங்கள் கழித்து எனக்கு எழுதுங்கள். எத்தனை நாள் அமைதியாக இருந்தீர்கள் என்ற கணக்கு வேண்டாம். தவறிய நாளில் எந்த இடத்தில் தவறியது என்பதை எழுதுங்கள்.