லைவ் கோடிங்ல கை நடுங்குதுன்னு ப்ராக்ஸி ஆள்கிட்ட போயிடாதீங்க

கேள்வி: நாலு வருஷமா பேக்எண்ட் வேலை பாக்குறேன் சார். ராத்திரி சர்வர் விழுந்தா டீம்ல என்னைத்தான் எழுப்புவாங்க. ஆனா இன்டர்வியூல ஸ்கிரீன் ஷேர் பண்ணி கோட் எழுதச் சொன்னா கை நடுங்குது. போன மாசம் ஒரு லிங்க்டு லிஸ்டைத் (ஒவ்வொரு தகவலும் அடுத்தது எங்க இருக்குன்னு காட்டுற சங்கிலி) தலைகீழா திருப்பச் சொன்னாங்க, இருபது நிமிஷம் ஒன்னுமே வரல. கால் கட் ஆனதும் தனியா உக்காந்து பத்து நிமிஷத்துல முடிச்சுட்டேன். ஒரு கன்சல்டன்ட், முன்பணம் கட்டுங்க உங்களுக்குப் பதிலா பேச எங்ககிட்ட ஆள் இருக்குங்கிறார். எனக்குத் தகுதி இல்லையா? கட்டிடலாமா?

பதில்: கட்டாதீங்கம்மா. மத்ததெல்லாம் அப்புறம்.

தகுதி இல்லையான்னு கேட்டீங்களே, அதுக்கான பதில் உங்க கேள்வியிலயே இருக்கு. தனியா பத்து நிமிஷத்துல வந்தது ஆள் பாக்கும்போது வரலன்னா அது அறிவுக் குறை இல்ல, பதட்டம். 2020ல வட கரோலினா ஸ்டேட் யுனிவர்சிட்டியும் மைக்ரோசாஃப்டும் சேர்ந்து 48 கம்ப்யூட்டர் சயின்ஸ் மாணவர்களை வச்சு இதைச் சோதிச்சுப் பாத்தாங்க. பாதிப் பேர் ஒரு ஆள் முன்னாடி போர்டுல எழுதிக்கிட்டே விளக்கணும், மீதிப் பேர் தனி ரூம்ல யாரும் இல்லாம எழுதணும். ஒரு ஆள் பாத்துக்கிட்டு இருக்க எழுதினவங்க செஞ்சது மத்தவங்க செஞ்சதுல பாதிகூட இல்ல. தனியா எழுதின பொண்ணுங்க எல்லாருமே சரியா முடிச்சாங்க, ஆள் முன்னாடி எழுதின பொண்ணுங்கள்ல ஒருத்தர்கூட முடிக்கல. சின்ன சாம்பிள்தான், ஆனா அதைப் படிச்ச அன்னைக்கு எனக்குத் தூக்கம் வரல. இத்தனை வருஷம் நானும் இன்டர்வியூ எடுக்கிற பக்கம் உக்காந்து எத்தனை பேரை 'டெக்னிக்கலா வீக்'னு எழுதி அனுப்பியிருக்கேன். இது தெரிஞ்ச பிறகும் பெரும்பாலான கம்பெனி அதே முறையைத்தான் வச்சிருக்கு, ஏன்னு கேட்டா எங்களுக்கும் அப்படித்தான் நடந்துச்சுங்கிறாங்க. இதெல்லாம் ஒரு காரணமா?

சரி, நீங்க என்ன பண்ணணும். இன்னும் முன்னூறு கணக்கு போடாதீங்க, கணக்கு உங்களுக்கு வருது. வராதது வாய்ல சொல்லிக்கிட்டே எழுதுறது, அதைத் தனியா பழகணும். அந்த லிங்க்டு லிஸ்டையே எடுத்துக்கங்க. கேள்வி வந்ததும் டைப் பண்ணாதீங்க, 'மூணே மூணு நோட் வச்சு முதல்ல கையில போட்டுப் பாத்துக்கிறேன்'னு சொல்லுங்க. நோட்னா அந்த சங்கிலியோட ஒரு கண்ணி. ஒன்னு ரெண்டைக் காட்டுது, ரெண்டு மூணைக் காட்டுது. இப்ப ஒன்னோட அம்பை எடுத்த எடுப்புல திருப்பினா ரெண்டுக்குப் போற வழி அறுந்து மிச்ச லிஸ்ட் மொத்தமும் போயிடும், அதனால திருப்புறதுக்கு முன்னாடி ரெண்டு எங்க இருக்குன்னு ஒரு வேரியபிள்ல பிடிச்சு வச்சுக்கணும், இந்த கணக்குல எல்லாரும் தடுக்கி விழுற இடம் இது ஒன்னுதான். இதை வாய்விட்டு சொல்லிட்டீங்கன்னாலே பாக்கிறவருக்குப் பாதி திருப்தி வந்துடும், கோட் முழுசா ஓடலன்னாகூட பல இடத்துல மார்க் உண்டு. அப்புறம் நடுவுல அவர் கீபோர்டு தட்டுற சத்தம் கேட்டா பயந்துடாதீங்க, தப்பைக் குறிக்கிறார்னு நினைச்சு அங்கேயே உடைஞ்சு போனவங்க நிறைய. நீங்க சொன்னதை ஃபீட்பேக்ல எழுதணுமே, அதுக்குத்தான் தட்டுறாங்க.

இப்ப அந்த கன்சல்டன்ட் விஷயம். நியாயமான ஏஜென்சிக்குக் காசு தர்றது ஆள் எடுக்கிற கம்பெனிதான், வேலை தேடுறவங்க இல்ல. சர்வதேச தொழிலாளர் அமைப்போட 1997ம் வருஷத்து 181வது ஒப்பந்தம், ஏஜென்சிங்க வேலை தேடுறவங்ககிட்ட நேரடியாவும் வாங்கக்கூடாது மறைமுகமாவும் வாங்கக்கூடாதுன்னு சொல்லுது. ரெஜிஸ்ட்ரேஷன், டிரெயினிங், லேப்டாப் டெபாசிட்னு எந்த பேர்ல கேட்டாலும் எழுந்து வந்துடுங்க. ப்ராக்ஸி அதைவிட மோசம். உங்களுக்குப் பதிலா வேற ஒருத்தர் பேசி நீங்க போய் சேர்ந்தீங்கன்னா, மாட்டுனா வேலை போறது உங்களுக்கு, பேர் கெடுறது உங்களுக்கு, மாட்டலன்னாகூட அந்த ஆள்கிட்ட உங்க அடையாள அட்டை காப்பி வரைக்கும் இருக்கும், அதை வச்சு மாசாமாசம் மிரட்டி வாங்குவான். நான் இன்டர்வியூ எடுத்த ஒருத்தர் சேர்ந்த மொத வாரமே பிடிபட்டார், மீட்டிங்ல பேசின குரல் இன்டர்வியூல கேட்ட குரலே இல்ல. மேனேஜர் கேட்ட ரெண்டு கேள்விக்கு அவர் பதில் சொல்லாம தலையைக் குனிஞ்சுக்கிட்டது இன்னும் என் கண்ணுல நிக்குது. ஆன்லைன் இன்டர்வியூல ஏஐ வச்சு ஏமாத்துறதும் பெருகிப் போச்சு, கூகுள் குறைஞ்சது ஒரு ரவுண்டாவது நேர்ல வைக்கப் போகுதுன்னு 2025ல சுந்தர் பிச்சையே சொன்னார், அப்போ ப்ராக்ஸி என்ன பண்ணுவான்?

காசு கொடுக்கலாம்னா ஒரே ஒரு இடம் இருக்கு, மாக் இன்டர்வியூ. அனுபவமுள்ள இன்ஜினியர் ஒரு மணி நேரம் உங்களை நிஜ இன்டர்வியூ மாதிரியே கேட்டு, எங்க சொதப்புனீங்கன்னு சொல்றதுக்குக் காசு வாங்குறது தப்பில்ல. ஆனா அதுலயும் பாருங்க, அவர் விக்கிறது அவரோட நேரத்தை, வேலையை இல்ல. 'நம்ம மாக் முடிச்சா அந்த கம்பெனில ரெஃபர் பண்ணிடுவேன்'னு அதே ஆள் சொன்னா அது மாக் இல்ல, மறுபடி முன்பணம்தான். பத்து செஷன் பேக்கேஜா மொத்தமா கட்டுன்னாலும் வேணாம். ஒரு செஷனுக்கு மட்டும் கட்டுங்க, பிரயோஜனம் இருந்தா அடுத்ததுக்கு. ஃபீட்பேக்கை எழுத்துல கேளுங்க, 'நல்லா பண்ணீங்க'ன்னு ஒரு வரில முடிச்சார்னா அதோட நிறுத்திக்கங்க. காசில்லையா, கூட வேலை பாக்கிற யாரையாவது உக்கார வச்சாலும் போதும், அவங்க ஒன்னும் பேசாம உங்களையே பாத்துக்கிட்டு இருந்தா சரி.

இன்னொன்னு, வீட்டுல செய்ய அசைன்மென்ட்னு யாராவது ஒரு ரெப்போ (கோட் எல்லாம் இருக்கிற ஃபோல்டர்) அனுப்பி ஓட்டிப் பாருன்னா ஆபீஸ் லேப்டாப்ல ஓட்டாதீங்க. அதுக்குள்ள திருட்டு புரோகிராம் வச்சு அனுப்புறவங்க இருக்காங்க, 2023லயே பாலோ ஆல்டோ நெட்வொர்க்ஸ் ஆய்வுக் குழு இதைப் பத்தி எச்சரிச்சிருக்கு.

அடுத்த இன்டர்வியூக்கு முன்னாடி எச்ஆர்கிட்ட எழுதிக் கேளுங்க, எத்தனை ரவுண்டு, கோட் ஓட்டிப் பாக்க விடுவாங்களா, வீட்டுல செஞ்சு தர்ற அசைன்மென்டா மாத்த முடியுமா. கேக்கிறதுல குத்தம் ஒன்னுமில்ல, சில இடத்துல மாத்தித் தர்றாங்க. இந்த வாரம் அதே லிங்க்டு லிஸ்ட் கேள்வியை ஒரு ஆளைப் பக்கத்துல உக்கார வச்சு நாலு தடவை சத்தமா சொல்லிக்கிட்டே போடுங்க. முதல் தடவை கண்டிப்பா நடுங்கும், நாலாவது தடவை எப்படி இருந்துச்சுன்னு எனக்கு எழுதுங்க.