விடிந்த பிறகு எழுதிய சார்ட்

கேள்வி: பி.எஸ்ஸி. நர்சிங் முடித்து, ஒரு தனியார் மருத்துவமனையின் பொது வார்டில் 6 ஆண்டுகளாகப் பணிபுரிகிறேன். டிரிப்ஸும் ஊசி மருந்தும் ஏற்ற நோயாளியின் கை நரம்பில் போட்டுவைக்கும் சிறு குழாயான வென்ஃப்ளான் நன்றாக இருந்தாலும் 3 நாளுக்கு ஒரு முறை மாற்றியே ஆக வேண்டும் என்பது எங்கள் வார்டு வழக்கம். அது தேவையில்லை என்று 2012-இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த ஆய்வைக் காட்டியும், இன்சார்ஜ் சிஸ்டர் “இங்கே இப்படித்தான்” என்று முடித்துவிட்டார். நைட் டூட்டியில் 14 பேரைப் பார்த்து, விடிந்ததும் எல்லாச் சார்ட்டையும் (நோயாளியை வேளாவேளைக்குப் பார்த்துக் குறிக்கும் பதிவு) மொத்தமாக எழுதிவிட்டு வீடு வந்தால், “வீட்டுக்கடன் இருக்கும்போது வம்பு எதற்கு?” என்கிறார் கணவர். படிப்புக்கு மதிப்பில்லாத இடத்தில் நான் என்ன செய்வது? (கடிதம் சுருக்கப்பட்டுள்ளது.)
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, மதுரை

பதில்: படித்ததைச் செய்ய விடுவதில்லை என்று குறைப்படும் செவிலியர்களின் கடிதங்கள் எனக்குப் புதியவை அல்ல. உங்கள் கடிதத்தில் இன்னொன்றும் இருக்கிறது. எல்லாச் சார்ட்டையும் விடிந்ததும் மொத்தமாக எழுதுவதாகப் போகிற போக்கில் சொல்லிவிட்டீர்கள். சார்ட்டில் இரவு 2 மணிக் கட்டத்திலும் 4 மணிக் கட்டத்திலும் “வீக்கம் இல்லை, சிவப்பு இல்லை” என்று காலை 6 மணிக்கு நீங்கள் எழுதியது எதைப் பார்த்து, சகோதரி?

நீங்கள் காட்டிய ஆய்வு ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலத்தில் 3 மருத்துவமனைகளில் 3,283 நோயாளிகளிடம் நடந்தது. குறித்த நாளில் வென்ஃப்ளானை மாற்றியவர்களிலும், தேவைப்பட்டபோது மட்டும் மாற்றியவர்களிலும், ரத்தக்குழாய் அழற்சி கண்டவர்கள் 7 சதவீதம்தான். ஆனால் தேவை வந்துவிட்டதா என்பதை அந்தக் கையை வேளாவேளைக்குப் பார்க்கிற செவிலியரைத் தவிர வேறு யார் சொல்ல முடியும்? பார்க்கும் ஆள் இல்லாத வார்டுக்கு அந்த முடிவு பொருந்தாது. ஜெனீவா பல்கலைக்கழக மருத்துவமனையில் நாள் கணக்கை விட்டுத் தேவைக்கேற்ப மாற்றும் முறைக்குப் போனபோது ரத்தத் தொற்று கூடியதையும், பழைய முறைக்குத் திரும்பியதும் அது குறைந்ததையும் 2021-இல் வெளியான ஆய்வு காட்டுகிறது. ஒரு கட்டுரையோடு நிறுத்திக்கொண்டு மூத்தவரைக் குறை சொல்வது எனக்கு உவப்பாக இல்லை. “இங்கே இப்படித்தான்” என்பது பதிலாகாது. காரணம் சொல்லாதது அவருடைய குறைதான். ஆனாலும் யாரும் பார்க்காத கைக்கு, இன்றைய நிலையில், அவருடைய 3 நாள் விதிதான் காவல்.

14 பேருக்கு ஒருவர் என்பது அநியாயம். இந்திய நர்சிங் கவுன்சில் பொது மருத்துவமனைகளுக்குச் சொல்லும் கணக்கு 5 நோயாளிகளுக்கு ஒரு செவிலியர். படித்த படிப்பு, ஆங்கில ஆய்வுக் கட்டுரையை நிறுத்துப் பார்க்கும் பழக்கம், மேலே இருப்பவரின் மனம் ஆகிய எல்லாமே ஆதாரத்தைக் கொண்டு வேலை செய்யும் திறமையை வளர்க்கவோ கெடுக்கவோ செய்யும் என்றாலும், நேரமில்லாமை அவை அனைத்தையும் விழுங்கிவிடும். அதை நிர்வாகத்துக்கு யார் சொல்வது? உங்கள் சார்ட்டின்படி 14 பேரையும் ஒரே செவிலியர் வேளை தவறாமல் கவனித்திருக்கிறார். இன்னொரு ஆள் வேண்டாம் என்பதற்கு நிர்வாகத்தின் கையில் இருக்கும் சாட்சியை எழுதிக் கொடுத்தவர் நீங்கள்தான். 1854-இல் கிரிமியப் போரின்போது துருக்கியின் ஸ்குட்டாரி ராணுவ மருத்துவமனைக்குப் போன ஆங்கிலச் செவிலியர் ஃப்ளாரன்ஸ் நைட்டிங்கேல், இறப்புக் கணக்குகூட அங்கே ஒழுங்காக இல்லாததைக் கண்டார். ஊர் திரும்பியபின் அதிகாரிகளிடம் அவர் வாதாடியது எண்களை வைத்துத்தான்.

கணவர் கடனை நினைவூட்டுவதை நான் பழிக்கமாட்டேன். சம்பளத்தைக் காப்பதும் குடும்பக் கடமைதான். ஆனால் அவருடைய தாயாருக்கு இரவு மாத்திரையைக் கொடுக்காமலே கொடுத்ததாக நீங்கள் சொன்னால் அவர் பொறுப்பாரா? வார்டில் படுத்திருப்பவரின் மகன் உங்களை நம்பித்தானே வராந்தாவில் பாய் விரித்துத் தூங்குகிறான்? வீட்டுக்கு ஒரு நேர்மை, வேலைக்கு ஒரு நேர்மை என்று இரண்டு வைத்துக்கொள்ள முடியும் என்று நான் நம்பவில்லை.

அடுத்த நைட் டூட்டியிலிருந்து, பார்த்ததைப் பார்த்த நேரத்தில் எழுதுங்கள். தாமதமாக எழுத நேர்ந்தால் எழுதிய நேரத்தையும் சேர்த்துக் குறியுங்கள். பார்க்க முடியாமல் போனால் பார்க்க இயலவில்லை என்றே எழுதுங்கள். இதைத் தொடங்கும் முன் இன்சார்ஜிடம் நேரில் சொல்லிவிடுங்கள். மெமோ வரக்கூடும் என்பதைக் கணவரிடமும் மறைக்காதீர்கள். டிரிப்ஸும் ஊசி மருந்தும் நின்ற பிறகும் கையிலேயே கிடக்கும் வென்ஃப்ளான்கள் எத்தனை என்று தனியாக எண்ணுங்கள். தேவை முடிந்ததும் எடுத்துவிட வேண்டும் என்பதில் எந்த ஆய்வுக்கும் மாற்றுக் கருத்து இல்லை, இன்சார்ஜும் மறுக்கமாட்டார். ஒரு மாதக் கணக்கு சேர்ந்ததும் அவரையும் அழைத்துக்கொண்டு தொற்றுக் கட்டுப்பாட்டுச் செவிலியரிடம் போங்கள். 3 நாள் விதியைப் பற்றிய பேச்சை அங்கே தொடங்கலாம். அதுவரை அவர் சொன்னபடியே மாற்றுங்கள்.