சுங்க ஒன்றியம் போதுமா? – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஐரோப்பிய அரசியல் பற்றிய உங்கள் கட்டுரைகளைத் தொடர்ந்து படித்துவருகிறேன். திருப்பூரில் பின்னலாடை ஏற்றுமதித் தொழிலில் இருக்கிறேன். முன்பெல்லாம் இங்கிலாந்து பையருக்கு ஒரே கன்டெய்னராக அனுப்புவோம். அயர்லாந்துக்கும் ஹாலந்துக்கும் வேண்டியதை அவர்களே அங்கிருந்து பிரித்து அனுப்பிக்கொள்வார்கள். பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு வெளியேறிய பிரெக்ஸிட்டுக்குப் பிறகு பிரிட்டனுக்குத் தனி, ஐரோப்பாவுக்குத் தனி என்று கேட்கிறார்கள். வரியே இல்லாமல் ஒப்பந்தம் போட்டுக்கொண்டவர்களுக்கு நடுவே இது ஏன்?

2025இல் பிரிட்டிஷ் பிரதமர் ஸ்டார்மரின் அரசு ஐரோப்பாவோடு உறவைப் புதுப்பித்துவிட்டதாகச் செய்திகளில் படித்தேன். ஐரோப்பாவின் பொது வரி அமைப்பான சுங்க ஒன்றியத்தில் மறுபடி சேர்ந்தால் போதும் என்று சிலர் பேசுகிறார்கள். அப்படிச் சேர்ந்தால் பழைய நிலை திரும்புமா? மக்கள் ஓட்டுப் போட்டு எடுத்த முடிவைக் கொல்லைப்புறம் வழியாக மாற்றுவது சரிதானா என்ற கேள்வியும் எனக்கு இருக்கிறது.

எஸ்., திருப்பூர்

அன்புள்ள எஸ்,

உங்கள் கன்டெய்னரிலிருந்தே தொடங்குகிறேன். விஷயத்தில் பாதி அதற்குள்ளேயே இருக்கிறது.

பிரிட்டனுக்கும் ஐரோப்பிய ஒன்றியத்துக்கும் இடையே 2020 டிசம்பர் 24 அன்று முடிவான ஒப்பந்தத்தில் இறக்குமதி வரியும் இல்லை, கோட்டாவும் இல்லை என்பது உண்மை. ஆனால் அந்தச் சலுகை பிரிட்டனில் விளைந்த, பிரிட்டனில் உருவான பொருளுக்குத்தான். திருப்பூரில் தைத்த பனியன் இங்கிலாந்துக் கிடங்கில் ஒரு மாதம் கிடந்தாலும் இந்தியப் பனியன்தான். இங்கிலாந்தில் இறங்கியபோது பிரிட்டனுக்கு வரி கட்டியாயிற்று. அங்கிருந்து டப்ளினுக்குப் போனால் ஐரோப்பிய ஒன்றியத்துக்கும் கட்ட வேண்டும். டி-சர்ட்டுக்கு ஒன்றியத்தின் பொது வரி 12%. ஒரே சரக்குக்கு இரண்டு முறை வரி கட்ட யாருக்கும் மனம் வராது. அதனால்தான் இங்கிலாந்தின் ஃபீலிக்ஸ்டோ துறைமுகத்துக்கு ஒரு கன்டெய்னர், ஹாலந்தின் ராட்டர்டாமுக்கு ஒரு கன்டெய்னர். 2021 ஜனவரியில் பிரிட்டனின் பெரிய கடைகளே இதில் தடுமாறின. ஜெர்மனியில் செய்த மிட்டாயை இங்கிலாந்துக் கிடங்கில் இறக்கி, பிரிக்காமல் அப்படியே அயர்லாந்துக் கிளைக்கு அனுப்பினால், ஐரோப்பாவில் பிறந்த மிட்டாய் ஐரோப்பாவுக்குள் நுழைய வரி கேட்டார்கள்.

கார்களுக்கும் இதே பிறப்பிட விதிதான். பெட்ரோல் காரின் மதிப்பில் 45 சதவீதத்துக்கு மேல் இரு தரப்புக்கும் வெளியே உருவான பாகங்கள் இருந்தால் சலுகை போய் 10% வரி விழும். மின்சாரக் கார்களுக்கான விதி 2024இல் இறுகுவதாக இருந்தது. பேட்டரி ஆசியாவிலிருந்து வருவதால் இரு தரப்புத் தொழிற்சாலைகளும் தாங்காது என்று அதை 2026 இறுதிக்குத் தள்ளிவைத்தார்கள்.

இத்தனைக்கும் வரி என்பது தொல்லையின் சிறிய பகுதி. வரி இல்லை என்றால் மிச்சமிருப்பது வெறும் காகிதம்தானே என்று நினைப்பதில்தான் பிரெக்ஸிட் பேச்சு முழுவதும் வழுக்கிவிழுகிறது. இங்கிலாந்தின் டெவனில் ஒருவர் சீஸ் செய்து பிரான்சுக்கு அனுப்புகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். 2020 வரை அவருக்கு ஓர் இன்வாய்ஸும் லாரியும் போதும். இப்போது அவருடைய கூடம் முதலில் ஒன்றியம் ஏற்றுக்கொண்ட பட்டியலில் இருக்க வேண்டும். பிறகு ஒவ்வொரு சரக்குக்கும் ஏற்றுமதி உடல்நலச் சான்றிதழ். அரசு அங்கீகரித்த கால்நடை மருத்துவரோ உணவு ஆய்வாளரோ சரக்கைப் பார்த்து, கையெழுத்திட்டு, முத்திரை குத்த வேண்டும். முத்திரையின் நிறமும் அச்செழுத்தின் நிறமும் ஒன்றாக இருக்கக் கூடாது. பொருந்தாத வாசகங்களை அடிக்க வேண்டும். அடித்த இடத்தில் சுருக்கொப்பமும் முத்திரையும் வேண்டும். சான்றிதழ் ஆங்கிலத்தில் மட்டும் இருந்தால் செல்லாது, சரக்கு நுழையும் நாட்டின் மொழியிலும் இருக்க வேண்டும். பிரான்சில் வாங்குபவர் 'ட்ரேசஸ்' என்ற ஐரோப்பிய இணையத் தளத்தில் முன்கூட்டியே தகவல் பதிந்திருக்க வேண்டும். இவற்றோடு பிரிட்டனில் ஏற்றுமதி அறிவிப்பு, பிரான்சில் இறக்குமதி அறிவிப்பு, இன்வாய்ஸில் பிறப்பிட வாசகம்.

இங்கிலாந்தின் டோவர் துறைமுகத்தில் லாரியின் நம்பர் பிளேட்டையும் சுங்க ஆவணத்தின் பார்கோடையும் இணைத்துவிடுவார்கள். கப்பல் கடலில் இருக்கும்போதே பிரெஞ்சு சுங்கத்துறை முடிவுசெய்துவிடும். பச்சை என்றால் பிரான்சின் கலே துறைமுகத்தைத் தாண்டி ஓட்டிக்கொண்டே போகலாம். ஆரஞ்சு என்றால் ஒதுங்கி நின்று சோதனைக்குக் காத்திருக்க வேண்டும். இறைச்சி, மீன், பால்பொருள் ஏற்றிய லாரிக்கு ஆரஞ்சுதான்.

சான்றிதழ் ஒன்றுக்குச் சுமார் 100 முதல் 200 பவுண்டு ஆகிறது. இருபது டன் ஒரே சரக்காகப் போனால் அது செலவே இல்லை. பாரிஸில் ஒருவர் இணையத்தில் 30 பவுண்டுக்குச் சீஸ் ஆர்டர் செய்தால்? அந்த வியாபாரம் 2021 ஜனவரி 1 அன்றே செத்துவிட்டது. நடுத்தர வியாபாரிகளை அடித்தது இன்னொரு விஷயம். பத்துப் பேரின் மீன் ஒரே லாரியில் கூட்டுச் சரக்காகப் போகும் வழக்கம் ஸ்காட்லாந்தில் இருந்தது. அதில் ஒருவருடைய சான்றிதழில் ஓர் எழுத்துப் பிழை இருந்தால் பத்துப் பேருடைய மீனும் நிற்கும். மீன் எத்தனை மணி நேரம் காத்திருக்கும்?

காகிதத்தால்கூடத் தீர்க்க முடியாதவையும் உண்டு. முதல் தரமல்லாத கடல் நீரில், அதாவது 'பி' வகுப்பு நீரில் எடுத்த சிப்பி, மட்டிகளை உயிரோடு பிரான்சுக்கும் ஸ்பெயினுக்கும் அனுப்பி, அங்குள்ள தொட்டிகளில் சுத்தம் செய்வது வழக்கமாக இருந்தது. ஒன்றியத்துக்கு வெளியே உள்ள நாட்டிலிருந்து அப்படிச் சுத்தம் செய்யாத சிப்பி வரக் கூடாது என்பது அவர்களுடைய பழைய விதி. பிரிட்டனும் அந்த விதியை ஏற்றிருந்த நாடுதான். 2021 ஜனவரியில் அதே விதி பிரிட்டன் மேலேயே விழுந்தது. உறைய வைக்காத பச்சை சாசேஜுக்கும் ஸ்காட்லாந்து விதை உருளைக்கிழங்குக்கும் இதே கதி.

எதிர்ப்பக்கத்தில் பிரிட்டன் தன் சோதனைகளை ஐந்து முறை தள்ளிப்போட்டது. தன் மக்களின் உணவு விலை ஏறும் என்ற பயம்தான் காரணம். 2024இல் ஆரம்பித்தபோது ஒரு பொருள்வகைக்கு 29 பவுண்டு, ஒரு சரக்குக்கு அதிகபட்சம் 145 பவுண்டு என்று கட்டணம் வைத்தார்கள்.

இந்தக் காகிதங்கள் எதற்காக? ஐரோப்பிய ஒன்றியத்தின் தலைமையிடமான பிரஸ்ஸல்ஸில் உள்ள அதிகாரிகளின் கோபத்தால் வந்தவை என்று லண்டன் பத்திரிகைகள் பலவும் எழுதின. இரண்டு இடங்களில் ஒரே விதி, ஒரே மேற்பார்வை, ஒரே நீதிமன்றம் இருந்தால் எல்லையில் சோதிக்க எதுவும் இல்லை. விதி வேறுபடலாம் என்று ஒருவர் உரிமை கேட்ட கணத்தில், மற்றவர் வருவதைத் திறந்து பார்த்துத்தான் ஆக வேண்டும். வேறுபடும் உரிமைக்குக் கொடுக்கும் விலைதான் அந்தக் கையெழுத்தும் முத்திரையும். விலை கொடுத்தவர்கள் அந்த உரிமையை எதற்குப் பயன்படுத்தினார்கள் என்பதே பிரிட்டிஷ் அரசியலிடம் நான் கேட்க விரும்பும் கேள்வி.

ஐரோப்பாவின் 'சிஇ' தர முத்திரைக்குப் பதிலாக 'யுகேசிஏ' என்று சொந்த முத்திரை கொண்டுவந்தார்கள். கெடுவைத் திரும்பத் திரும்ப நீட்டி, 2023 ஆகஸ்டில், பெரும்பாலான பொருள்களுக்குச் சிஇ முத்திரையே காலவரையின்றிச் செல்லும் என்று அறிவித்தார்கள். வேதிப்பொருள்களுக்குச் சொந்தப் பதிவேடு ஒன்றைத் தொடங்கினார்கள். ஐரோப்பியப் பதிவேட்டில் ஏற்கெனவே கொடுத்த அதே தரவைத் தொழிற்சாலைகள் மறுபடி வாங்கிக் கொடுக்க வேண்டிய நிலை; அதன் கெடுவும் தள்ளிப்போய்க்கொண்டே இருக்கிறது. சுமார் 4,000 ஐரோப்பியச் சட்டங்கள் 2023 முடிவில் தாமாகவே காலாவதியாகும் என்று ஒரு மசோதா வந்தது. அந்த ஆண்டு மே மாதம் பின்வாங்கி, சுமார் 600ஐ மட்டும் நீக்கினார்கள். அவற்றிலும் பெரும்பகுதி ஏற்கெனவே பயனற்றுப்போனவை.

நல்ல வேறுபாடு ஒன்றும் இல்லையா என்றால், இருக்கிறது. வடகடலின் மணல்விலாங்கு என்னும் சிறு மீன் பஃபின் பறவைகளுக்கு உணவு. அதைப் பிடிப்பதற்கு இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் 2024இல் தத்தம் கடற்பரப்பில் தடை விதித்தன. அதைப் பிடித்துவந்தவர்கள் முக்கியமாக டென்மார்க்காரர்கள். ஐரோப்பிய ஒன்றியம் வழக்கு தொடுத்தது. ஹேக் நடுவர் மன்றம் 2025இல் ஸ்காட்லாந்தின் தடையை முழுமையாக ஏற்றது. இங்கிலாந்து தரப்பில், முடிவெடுத்த முறையில் மட்டும் குறை சொன்னது. இன்னதைக் காக்க இன்ன விதி என்று தெளிவாக எடுத்த முடிவு அது. இப்படிப்பட்டவை விரல்விட்டு எண்ணும் அளவில்தான் இருக்கின்றன. மறுபுறம், பிரெக்ஸிட்டால் நீண்ட காலத்தில் உற்பத்தித்திறன் 4% குறையும் என்பதே பிரிட்டிஷ் அரசின் நிதிநிலையை மதிப்பிடும் அமைப்பின் கணக்கு.

பிரிட்டனும் ஐரோப்பிய ஒன்றியமும் 2025 மே 19 அன்று நடத்திய சந்திப்பை இந்த வெளிச்சத்தில் பாருங்கள். உணவு, கால்நடை, தாவர நல ஒப்பந்தம் ஒன்றைச் செய்துகொள்ள இரு தரப்பும் அன்று சம்மதித்தன. அது வந்தால் மேலே சொன்ன உடல்நலச் சான்றிதழ்களில் பெரும்பாலானவை போய்விடும். சாசேஜும் சிப்பியும் மறுபடி போகலாம். இதற்கான நிபந்தனை, அந்தத் துறையில் ஐரோப்பிய விதி மாறும்போதெல்லாம் பிரிட்டனும் மாறிக்கொள்ள வேண்டும். ஐரோப்பியச் சட்டத்துக்குப் பொருள் சொல்லும் கடைசி அதிகாரம் ஐரோப்பிய நீதிமன்றத்துக்கு. செலவில் பிரிட்டன் பங்கு தர வேண்டும். விதி உருவாகும்போது கருத்துச் சொல்லலாம், ஓட்டு கிடையாது. இத்துடன் ஐரோப்பிய மீன்பிடிப் படகுகளுக்கு 2038 ஜூன் வரை அனுமதியும் நீட்டிக்கப்பட்டது. 2026இல் முடியவேண்டியது அது.

இந்த ஒப்பந்தம் சரி என்றே நான் கருதுகிறேன். ஸ்டார்மர் அரசின் குற்றம் வேறு இடத்தில் இருக்கிறது. ஒற்றைச் சந்தை (ஒரே விதிகளைக் கொண்ட ஐரோப்பியப் பொதுச் சந்தை) இல்லை, சுங்க ஒன்றியம் இல்லை, ஆட்கள் தடையின்றி வந்துபோவது இல்லை என்று மூன்று கோடு போட்டுவிட்டு, அந்தக் கோடுகளுக்குள் நின்றபடியே ஐரோப்பிய விதிகளுக்குத் துறைதுறையாகத் திரும்புகிறது. அப்படித் திரும்புவதை வாக்காளரிடம் வாய்திறந்து சொல்வதில்லை. எதிரே சரணாகதி என்று கத்தும் கன்சர்வேட்டிவ்களும், பிரெக்ஸிட்டுக்காகப் போராடிய ஃபராஜின் ரிஃபார்ம் கட்சியும், சீஸிலோ சிப்பியிலோ எந்த விதி வேறாக இருக்க வேண்டும் என்று கேட்டால் பதில் சொல்வதில்லை.

இனி உங்கள் இரண்டாவது கேள்வி. சுங்க ஒன்றியம் என்றால் வெளிநாட்டுச் சரக்குக்கு எல்லா உறுப்பினரும் ஒரே வரி வசூலிப்பது. அதில் சேர்ந்தால் உங்கள் பனியனுக்கு இரட்டை வரி இருக்காது, கார்களுக்குப் பிறப்பிடக் கணக்கு வேண்டாம். அந்த அளவில் உண்மையான நன்மைதான். டெவன் சீஸ் லாரிக்கு அது ஒன்றும் செய்யாது. சான்றிதழ் கேட்பது உணவு விதி, சுங்க வரி அன்று.

துருக்கியைப் பாருங்கள். 1995 கடைசியிலிருந்து தொழிற்பொருள்களில் ஐரோப்பாவோடு சுங்க ஒன்றியத்தில் இருக்கும் நாடு. பல்கேரியாவை ஒட்டிய கபிகுலே எல்லையில் துருக்கி லாரிகள் இன்றும் கிலோமீட்டர் கணக்கில் நிற்கின்றன. லாரிக்கு அனுமதிச் சீட்டு, ஓட்டுநருக்கு விசா, சரக்குக்கு அறிவிப்பு எதுவும் நீங்கவில்லை. இன்னொரு பெரிய சிக்கலும் உண்டு. பிரஸ்ஸல்ஸ் ஒரு மூன்றாம் நாட்டோடு ஒப்பந்தம் போட்டு வரியைக் குறைத்தால், அந்த நாட்டுச் சரக்குக்குத் துருக்கியும் குறைக்க வேண்டும். அந்த நாடு துருக்கிச் சரக்குக்குக் குறைக்க வேண்டிய கட்டாயம் இல்லை. துருக்கி அங்கே தனியாகப் போய்க் கேட்டு நிற்க வேண்டும். பிரிட்டன் சேர்ந்தால் 2025 ஜூலை 24இல் இந்தியாவோடு கையெழுத்திட்ட வணிக ஒப்பந்தத்தின் வரிச் சலுகைகளும் அதே வடிவில் நிற்க முடியாது. பிரிட்டன் தன் விருப்பப்படி இந்தியப் பனியனுக்கு வரியை நீக்கும் அதிகாரம் அதன் கையில் இருக்காதே. இந்தக் கேள்வியில் உங்கள் தொழிலுக்கு லாபமும் நட்டமும் இரண்டு பக்கமும் உண்டு.

பிரிட்டிஷ் சந்தை, ஐரோப்பியச் சந்தை இரண்டில் எதையும் முழுமையாக விடாமல் வைத்திருக்கும் ஒரே பகுதி வட அயர்லாந்து. சரக்கு விஷயத்தில் அது ஐரோப்பிய ஒற்றைச் சந்தைக்குள் இருக்கிறது. அதனால் அயர்லாந்துத் தீவுக்குள் எல்லை முளைக்கவில்லை. பிரிட்டனுக்குள்ளேயே, ஐரிஷ் கடலில் முளைத்தது. அதைப் பொறுக்காமல், பிரிட்டனோடு சேர்ந்திருக்க விரும்பும் ஜனநாயக யூனியனிஸ்ட் கட்சி 2022 பிப்ரவரியிலிருந்து இரண்டு ஆண்டுகள் பெல்ஃபாஸ்ட் ஆட்சியை முடக்கியது. பிரிட்டனும் ஒன்றியமும் 2023இல் செய்துகொண்ட வின்ட்சர் ஏற்பாடு, வட அயர்லாந்திலேயே தங்கும் சரக்குக்குப் பச்சை, ஒன்றியத்துக்குள் போகக்கூடியதற்குச் சிவப்பு என இரு வழிகளை வைத்து வலியைக் குறைத்தது. அங்கே போகும் பால் புட்டியில் 'ஐரோப்பிய ஒன்றியத்துக்கு அல்ல' என்று அச்சிட்டிருப்பார்கள்.

கொல்லைப்புறம் பற்றிக் கேட்டீர்கள். 2016 ஜூன் 23 வாக்குச்சீட்டில் இருப்பதா, வெளியேறுவதா என்ற ஒரே கேள்விதான் இருந்தது. 51.9% பேர் வெளியேறலாம் என்றார்கள், அது நிறைவேறியும்விட்டது. ஒற்றைச் சந்தையை விட்டு வெளியேறுவது பற்றி அந்தச் சீட்டில் ஒரு சொல் இல்லை. நார்வே ஒன்றியத்தில் இல்லை, ஒற்றைச் சந்தையில் இருக்கிறது. அந்த வழி வேண்டாம் என்று அன்றைய பிரதமர் தெரசா மே 2017 ஜனவரி 17 அன்று லண்டன் லங்காஸ்டர் மாளிகையில் ஓர் உரையில் அறிவித்தார். எந்த ஒற்றைச் சந்தை? 1985இல் சுமார் 300 தடைகளைப் பட்டியலிட்டு அதன் வரைபடத்தை எழுதியவர் காக்ஃபீல்ட் பிரபு, அன்றைய பிரதமர் தாட்சர் ஐரோப்பிய ஆணையத்துக்கு அனுப்பிய பிரிட்டிஷ் ஆணையர். 1988 ஏப்ரலில் தாட்சர் அதே லங்காஸ்டர் மாளிகையில் நின்று, எல்லைக் காகிதங்கள் ஒழியப்போகின்றன, 30 கோடி மக்களின் சந்தைக்குத் தயாராகுங்கள் என்று பிரிட்டிஷ் வியாபாரிகளுக்குச் சொன்னார். 2025 மே மாதம் ஸ்டார்மர் ஐரோப்பிய ஆணையத் தலைவர் உர்சுலா ஃபான் டெர் லையனை வரவேற்றதும் அங்கேதான். ஒரு பிரதமர் உரையில் எடுத்த முடிவை இன்னொரு பிரதமர் ஒப்பந்தத்தில் திருத்துவது ஜனநாயகத்துக்கு விரோதம் என்று எனக்குத் தோன்றவில்லை. திருத்துவதை நாடாளுமன்றத்தில் வெளிப்படையாக வைத்து, அதன் விலையையும் சொல்லிச் செய்ய வேண்டும்.

உணவு ஒப்பந்தத்தை 2027இல் நடைமுறைக்குக் கொண்டுவருவது அவர்களுடைய இலக்கு. அதன் வாசகம் வரும்போது மூன்று இடங்களைப் பாருங்கள்: மரபணுத் திருத்தப் பயிர்களுக்கு இங்கிலாந்து 2023இல் இயற்றிய சட்டத்துக்கு விலக்கு உண்டா, புதிய விதியைப் பிரிட்டன் ஏற்காவிட்டால் என்ன தண்டனை, ஆண்டுக்கு எவ்வளவு பணம். உங்கள் கன்டெய்னரை அது தொடாது. பையர் மறுபடி ஒரே கன்டெய்னர் கேட்டால், சரக்கு வரி கட்டாமல் சுங்கக் கட்டுப்பாட்டுக் கிடங்கில் இறங்குமா, அயர்லாந்துப் பங்கு அங்கிருந்து வரி நிறுத்திவைத்த நிலையிலேயே கடந்துபோகுமா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். அதற்கு வசதி இல்லாதவர் என்றால் இரண்டு கன்டெய்னராகவே அனுப்புங்கள்.