வண்டி ஏன் இடப்பக்கமே உரசுகிறது?

கேள்வி: கோத்தகிரிக்கு அருகே வசிக்கிறோம். என் கணவருக்கு 46 வயது. பச்சைத் தேயிலை ஏற்றும் பிக்கப் ஓட்டுகிறார். ஐந்து மாதங்களுக்கு முன் பைக்கிலிருந்து விழுந்து, மூளையின் வலப்பக்கத்தில் ரத்தம் கட்டி, அறுவை சிகிச்சை நடந்தது. இப்போது நன்றாக நடக்கிறார், பேசுகிறார். தழும்பு மரத்திருக்கிறது. குளிரில் தலை வலிக்கிறது, பெயர்கள் மறக்கின்றன. இணையத்தில் பார்த்து ஞாபகசக்தி கேப்சூல் வாங்கிக் கொடுக்கிறேன். வாசலில் இரண்டு முறை வண்டியை எடுத்தார். இரண்டு முறையும் இடப்பக்கம் தூணில் உரசிவிட்டது. மலைப்பாதையில் ஓட்ட விடலாமா? தடுத்தால் மனம் உடைந்துவிடுவாரோ என்று பயமாக இருக்கிறது.

பதில்: இப்போது ஓட்டக் கூடாது. சாவி உங்களிடமே இருக்கட்டும்.

தழும்பு மரத்திருப்பது தோலின் நரம்புகள் அறுபட்டதால், அதை மறந்துவிடுங்கள். லேசான தலைவலிக்கும் அஞ்ச வேண்டாம். அது நாளுக்கு நாள் கூடினாலோ, வாந்தியோ தூக்கக் கலக்கமோ சேர்ந்தாலோ அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். மறதி மெல்லத்தான் தேறும். அந்தக் கேப்சூலை இன்றே நிறுத்துங்கள். தலையில் அறுவை சிகிச்சை முடிந்தவருக்கு, உள்ளே என்ன இருக்கிறதென்று தெரியாத ஒன்றைக் கொடுக்க எப்படி மனம் வந்தது? ஆனால் மருத்துவர் தந்த வலிப்பு மாத்திரை இருந்தால் அதை ஒருநாளும் நீங்களாக நிறுத்தக் கூடாது.

என்னைக் கவலைப்பட வைப்பது அந்தத் தூண்தான். மூளையின் வலப்பக்கம் அடிபட்டால் இடப்பக்க உலகம் கவனத்திலிருந்து நழுவிவிடலாம். சிலருக்குப் பார்வையிலேயே பாதி போயிருக்கும்; அவர்களில் பலர் குறையை உணர்ந்து தலையைத் திருப்பிப் பார்க்கப் பழகிக்கொள்வார்கள். இன்னும் சிலருக்குக் கண் சரியாகவே இருக்கும். கண் அனுப்புவதை மூளை கண்டுகொள்ளாது, அப்படியொரு குறை இருப்பதும் அவர்களுக்குத் தெரியாது. “நான் நன்றாகத்தான் ஓட்டினேன்” என்று உங்கள் கணவர் சொன்னால் அது பொய்யோ பிடிவாதமோ அல்ல, அதுவும் காயத்தின் ஒரு பகுதியாக இருக்கலாம்.

வீட்டில் கவனியுங்கள். தட்டின் இடது பாதியில் சோறு மிச்சமாகிறதா? இடது கன்னத்தில் சவரம் விட்டுப்போகிறதா? கதவைக் கடக்கும்போது இடது தோள் இடிக்கிறதா?

நம் நாட்டில் வண்டி சாலையின் இடப்பக்கமாகப் போகிறது. நடந்து போகிறவர்களும், பஸ்ஸுக்கு நிற்கும் பிள்ளைகளும், பாலத்தின் கைப்பிடிச் சுவரும் அவருடைய இடது கைப்பக்கம்தான். குஞ்சப்பனை வழியாக மூடுபனியில் பாரத்தோடு இறங்கும்போது வளைவு, கியர், ஏறி வரும் வண்டிக்கு வழிவிடுவது எல்லாவற்றையும் ஒரே நொடியில் கவனிக்க வேண்டும். வாசலில் உரசிய வண்டி அங்கே உரசலோடு நிற்காது.

‘ஸ்கேன் நார்மல்’ என்பது ஓட்டுவதற்கான அனுமதி அல்ல. மொபைல் விளையாட்டில் அவர் எடுக்கும் மதிப்பெண்ணும் எதையும் நிரூபிக்காது. சின்னத் திரை முகத்துக்கு நேரே அல்லவா இருக்கிறது! உரிமத்துக்கான படிவம் 25 மீட்டர் தூரத்தில் நம்பர் பிளேட் தெரிகிறதா என்று கேட்கிறது. அதை அவர் சுலபமாகப் படித்துவிடுவார். ஆகவே தெரிந்த மருத்துவரிடம் ஒரு கையெழுத்து வாங்கிவிடலாம் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள்.

கண் பிரிவில் பார்வைப் புலப் பரிசோதனை, அதாவது நேரே பார்க்கும்போது இரு பக்கமும் எவ்வளவு தெரிகிறது என்ற சோதனை, செய்யுங்கள். மூளை நரம்பியல் நிபுணரிடம் தூண் விஷயத்தைச் சொல்லி, கவனத்தையும் செயல்வேகத்தையும் சோதிக்கச் சொல்லுங்கள். சில நொடிகள் வெறித்துப் பார்ப்பது, கை துடிப்பது போல ஏதாவது நடந்திருந்தால் மறைக்காதீர்கள்; வலிப்பு இருந்தால் ஓட்டும் பேச்சே கிடையாது. எல்லாம் சரியாக இருந்தால், பயிற்சியாளருக்கும் பிரேக் உள்ள வண்டியில் முதலில் மேட்டுப்பாளையம் பக்கம் சமவெளியில் ஓட்டிப் பார்க்கட்டும். மலைப்பாதை அதற்குப் பிறகுதான்.

“வேண்டாம்” என்ற சொல் உங்கள் வாயிலிருந்து வர வேண்டியதில்லை. மருத்துவர் தடுத்திருக்கிறார் என்று சொல்லுங்கள், இந்தப் பதிலையே காட்டுங்கள். இந்தக் கவனக்குறை பயிற்சியால் பலருக்குக் குறைகிறது, மூன்று மாதம் கழித்து மீண்டும் சோதிக்கலாம் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். அதுவரை வேறு டிரைவர் ஓட்டட்டும். தேயிலை எடையும் பேக்டரிக் கணக்கும் உங்கள் கணவர் பொறுப்பில் இருக்கட்டும்.