குர்ட் போய்ஸ் - கடிதம்

அன்புள்ள ஐயா,

ஜெர்மானிய மௌனப்படங்கள் பற்றிய உங்கள் கட்டுரை முழுக்க நிழலும் அச்சமுமாகவே இருந்தது. சாப்ளின், கீட்டன் போல ஒரு நகைச்சுவை நடிகர் அவர்களுக்கு வாய்க்கவே இல்லையா? இருந்தால் எதிலிருந்து பார்க்கத் தொடங்கலாம்?

க.ம., ஈரோடு

அன்புள்ள க.ம.,

பலர் இருந்தார்கள். பின்னாளில் பெரிய இயக்குநரான எர்ன்ஸ்ட் லூபிட்ஷே சிரிப்பு நடிகராகத்தான் திரைக்கு வந்தார். ஆனால் என் மனதுக்கு மிக நெருக்கமானவர் குர்ட் போய்ஸ்.

1901ல் பெர்லினில் யூதக் குடும்பத்தில் பிறந்தவர். 1907லேயே, பால்மணம் மாறாத வயதில், கேமரா முன் நின்றுவிட்டார். ஒடிசலான, குள்ளமான உருவம். அபாரமான வேகம், அதைவிட அபாரமான நளினம். 1927ல் ரிச்சர்ட் ஐஷ்பெர்க் இயக்கிய 'டேர் ஃப்யூர்ஸ்ட் ஃபான் பாப்பன்ஹைம்' படத்தில் துணிக்கடை ஊழியராக வருகிறார். ஒரு கட்டத்தில் பெண்ணுடை அணிந்து மாடலாக நடக்க வேண்டிவருகிறது. ஆண் பெண்வேடம் போட்டாலே கோணங்கித்தனம் செய்து சிரிக்கவைப்பதுதான் வழக்கம். அந்த உடையை போய்ஸ் அழகாகவே அணிகிறார். சிரிப்பு அங்கேதான் பிறக்கிறது.

அந்தக் காட்சிக்கு நேர்ந்த கதியை நினைத்தால் இன்றும் எனக்கு வயிறு எரிகிறது. 1940ல் நாஜிகள் எடுத்த 'டேர் எவிகெ யூடெ' என்ற வெறுப்புப் பிரச்சாரப் படத்தில் அதையே வெட்டி ஒட்டினார்கள், யூதர்களின் ஒழுக்கக்கேட்டுக்கு இதோ சாட்சி என்று. ஜெர்மானியர் காசு கொடுத்துப் பார்த்துச் சிரித்த காட்சி அது!

போய்ஸ் அதற்குள் அமெரிக்காவில் இருந்தார். ஹிட்லர் ஆட்சிக்கு வந்ததுமே தப்பியவர். ஹாலிவுட் கொடுத்ததெல்லாம் துண்டு வேடங்கள். ஒரு நாயக நடிகரை அப்படி வீணடித்ததை என்னால் மன்னிக்க முடியவில்லை. 1950ல் ஊர் திரும்பினார். இரண்டே ஆண்டில், நாடகாசிரியர் பிரெக்டின் நாடகக் குழுவான பெர்லினர் ஆன்சாம்பிளில், பிரெக்ட் எழுதிய நாடகத்தின் நாயகன் பூந்திலாவாக மேடையேறினார். 1987ல் விம் வெண்டர்ஸின் 'விங்ஸ் ஆஃப் டிசையர்' படத்தில், பெர்லின் சுவரோரப் பொட்டலில், ஒருகாலத்தில் அங்கிருந்த போட்ஸ்டாமர் பிளாட்ஸ் சதுக்கத்தைத் தேடி அலையும் கிழவர் இவர்தான். அதற்கு ஐரோப்பியத் திரைப்பட விருதும் கிடைத்தது. 1907க்கும் 1987க்கும் நடுவே 80 வருடங்கள்!

நீங்கள் அவருடைய ஹாலிவுட் துண்டு வேடங்களில் ஒன்றான 'காசாபிளாங்கா' படத்திலிருந்தே தொடங்குங்கள். தொடக்கத்திலேயே வருவார், "எங்கும் கழுகுகள், ஜாக்கிரதை" என்று ஒரு தம்பதியை எச்சரித்துக்கொண்டே பர்ஸை உருவும் ஜேப்படிக்காரராக. சில நொடிகள்தான், கைகளை விடாமல் பாருங்கள். அடுத்தது பாப்பன்ஹைம். வெண்டர்ஸ் படத்தைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்.